நாடு மாறி வளர்ந்த பிள்ளை எழுத உக்காந்தா

அன்புள்ள மாப்ள,

கடுதாசி கிடைச்சுது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணி எங்க கடைமடைக்கு இன்னும் வரல. மத்தபடி எல்லாரும் சௌக்கியம். எத்தியோப்பியாவுல ஹவாசா, ஓமான்ல மஸ்கட்டுன்னு வளர்ந்த உன் பாப்பா கதை எழுத உக்காந்தா ரெண்டு பக்கத்துல நின்னுக்குதுன்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இது.

நாலு நாடு பாத்தாக் கற்பனை தானா ஊறும்னு நம்பாத. மேடக்ஸ், கலின்ஸ்கிங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-ல போட்ட ஆய்வுல, வெளிநாட்டுல குடியிருந்த காலத்துக்கும் படைப்புத் திறனுக்கும் தொடர்பு இருந்துச்சு. சும்மா சுத்திப் பாத்த காலத்துக்கு இல்ல. அதுவும் பெரியவங்களை வெச்சுப் பாத்தது. ஆனா குடியிருந்தா அந்த ஊர் வழக்கத்துக்கு நாம வளையணுமல்ல? எத்தியோப்பியாவுல மணியை விடியக்காலத்துல இருந்து எண்ணுவாங்க. நம்ம காலை 7 அங்க 1 மணி. வருசத்துக்கு 13 மாசம். சின்ன வயசுலயே அதுல பொழங்கின பிள்ளை, எதையும் இப்படித்தான்னு எடுத்துக்காது. அவளுக்கு அதுதான் முதல்.

கெடறது எங்கன்னா, எல்லா ஊரையும் ஒரே கதைக்குள்ள திணிக்கறதுல. விமானக் கம்பெனி விளம்பரமாட்ட ஆயிரும். ஊருக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்லு, 80 பக்கம், கோடு இல்லாதது. முதப் பக்கத்துல குடியிருந்த வீட்டை மேலிருந்து பாக்கற மாதிரி வரையட்டும், போட்டோ பாக்காம. பாத்துட்டா போட்டோவுக்குள்ள இருக்கறது மட்டுந்தான் மனசுல தங்கும். குழாய் எந்தப் பக்கம், கதவு எப்படிச் சிணுங்குச்சுங்கறது போயிரும். அப்பறம் தண்ணி எப்ப வந்துச்சு, இஞ்செராங்கற அந்த ஊர் தோசைக்கு டெஃப் தானிய மாவு புளிச்ச வாசம், காதுல விழுந்த அந்த ஊர் அம்ஹாரிக் மொழிச் சொல்லு, எல்லாம் தமிழ் எழுத்துல. தப்பாக் கேட்டிருந்தாலும் திருத்தாத. ஹவாசா நோட்டை முதல்ல போடணும். இங்க அந்தப் பேச்சுக்கு ஆளில்ல, சீக்கிரம் மறந்துரும். கதை எழுதறப்ப ஒரு ஊர், ஒரு நாள், அவ்வளவுதான்.

பாதியில நிக்கறதுக்கும் காரணம் இருக்குது. முடியறதுக்குள்ள மூட்டை கட்டியே பழகுனவங்களுக்கு முடிவு எழுத வராது. கடைசிப் பத்தியை முதல்ல எழுதட்டும். 600 சொல் போதும்; ஒண்ணு முடியாம அடுத்தது தொடக்கூடாது.

இன்னொண்ணு தமிழ். அவளுக்கு மரம்னா மரம், அதோட சரி. கொறங்காட்டுல, அதான் நம்ம மேய்ச்சக் காட்டுல, வெள்வேலா மரம் எது, வேலிக் கிளுவை எது, கொழுக்கட்டைப் புல் எதுன்னு பட்டிக்காரர் கூட நடந்து பாக்கட்டும். அமுச்சி (அம்மாவோட அம்மா) பேசறதை அஞ்சு நிமிசம் போன்ல புடிச்சு, ஒரு சொல் விடாம எழுதச் சொல்லு. ஒரு மணி நேரம் இழுக்கும். தங்கச்சி பக்கத்துல நின்னு அதை நல்ல தமிழாத் திருத்தாம நீதான் பாத்துக்கோணும்! பேச்சோட உசுரே அதுல போயிரும்.

எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1954-ல இலங்கையை விட்டு இங்கிலாந்து போயி, 1962-ல கனடா சேர்ந்தவர். குடும்பத்தைப் பத்தி எழுதறதுக்கு 1978-லயும் 1980-லயும் இலங்கைக்குத் திரும்பிப் போய்ச் சொந்தக்காரங்களைக் கேட்டுத்தான் எழுதுனார். ஞாபகம் மட்டும் அவருக்கே பத்தல.

ஒறம்பரை வந்து "எந்த ஊர் கண்ணு புடிச்சுது?"ன்னு கேட்டா, பேச்சை மாத்தி உட்டுரு. ஐப்பசி மழைக்கு அப்பறம் புல் எந்திரிச்சிரும். அப்ப ரெண்டு நாள் லீவு போட்டுட்டு அவளைக் கூட்டிட்டு வா.

அன்புடன்,
உன் மாப்ள