பீரோ நிறையப் பொன்னாடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், நடிப்பு என்பது இரத்தத்தில் ஊறி வர வேண்டியது, அதைக் கல்லூரியில் போய்ப் படிப்பது பெற்றோர் காசுக்குப் பிடித்த கேடு என்று எழுதியிருந்தார். இதே பேச்சை மரக்காணம் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் ஐந்தாறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அங்கே பதில் சொன்னால் தேநீர் ஆறிவிடும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் வேதியியலில் பட்டம் வாங்கிய பிறகு, புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுகலை படித்தாள். பழைய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கப்பட்ட நிகழ்கலைப் பள்ளி அது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதிதான் தொடக்கத்தில் அதற்குத் தலைமை வகித்தார். கிழக்குக் கடற்கரைச் சாலைத் தடத்தில் ஓடிய காலத்தில், காலாப்பட்டு நிறுத்தத்தில் தோளில் ஜோல்னாப் பையும் கையில் மூங்கில் கம்புமாக இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து, 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்று மனத்துக்குள் சிரித்தவன்தான் நானும். பிறகு என் வீட்டிலேயே அந்தக் கம்பு வந்து நின்றது.

மகள் சேர்ந்த புதிதில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ரஜினிகூட உன்னை மாதிரி கண்டக்டர்தானே, அவர் என்ன படித்துவிட்டா நடித்தார்?" ஆமாம் ஐயா, படித்துவிட்டுத்தான் நடித்தார். பெங்களூரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சிவாஜி ராவ் 1973இல் சென்னைக்கு வந்து, திரைப்பட வர்த்தக சபை நடத்திய கல்லூரியில் நடிப்புப் பிரிவில் சேர்ந்தார். உடன் வேலை பார்த்த டிரைவர் நண்பர் பணம் கொடுத்து உதவினார். இயக்குநர் பாலசந்தர் அவரைக் கண்டெடுத்தது மாணவராக இருந்தபோதுதான். 1975இல்தான் திரையில் முகம் தெரிந்தது. பேருந்திலிருந்து நேராகப் படப்பிடிப்புத் தளத்தில் இறங்கிவிட்டதாக நம் ஊரில் ஒரு கதை ஓடுகிறது. நடுவில் கல்லூரி என்று ஒரு நிறுத்தம் இருந்ததை யாரும் சொல்வதில்லை.

டிக்கெட் கிழிக்கிற எனக்கே அரசாங்கம் உரிமம் கேட்டது, முதலுதவிச் சான்றிதழ் கேட்டது. இரண்டு மணி நேரம் மூச்சும் குரலும் சிதறாமல் இன்னொரு மனிதராக நிற்பதற்கு மட்டும் ஒரு பயிற்சியும் வேண்டாமாம்.

இரத்தம் என்று எழுதிய அன்பருக்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். நான் அதைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவன். மகள் விடுமுறைக்கு வந்தபோது மாதவி முதன்முதலில் மேடையேறுவதைச் சொல்லும் அரங்கேற்று காதையைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது. மாதவி வானுலக ஆடல் மகள் உருப்பசியின் (ஊர்வசியின்) வழி வந்தவள் என்கிறார் இளங்கோவடிகள். இரத்தத்துக்கு என்ன குறை? அவளையே ஐந்து வயதில் பயிற்சியில் விட்டு, ஏழாண்டு பழக்கி, பன்னிரண்டாம் வயதில்தான் மன்னன் முன் மேடையேற்றுகிறார்கள். ஆடலுக்கு ஓர் ஆசிரியர், இசைக்கு ஒருவர், தண்ணுமை என்னும் முழவுக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், யாழுக்கு ஒருவர். இவர்களுக்கு நடுவே ஒரு புலவரும் இருக்கிறார். இதைக் கல்லூரி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அதோடு விடவில்லை மகள். அந்தக் காதையில் மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது 24 பெருவிரல். என் கட்டை விரலைப் பிடித்து மூங்கில் மேல் 24 முறை வைத்து நறுக்கினாள். கொல்லையில் கயிறு கட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 14 அடிக்கு 12 அடி வந்தது. முருங்கை மரம் குறுக்கே நின்றதால் மேடை கொஞ்சம் கோணல். தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்றும் அதே காதையில் வருகிறது. இரவில் இரண்டு மின்விளக்குகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, முருங்கையின் நிழலை மேடைக்கு வெளியே தள்ளப் பத்து மணி வரை பாடுபட்டாள். ஒளியமைப்புப் பாடத்துக்கான வேலையாம். அக்கம்பக்கத்தில் பேய் ஓட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

குரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் என் தொழிலில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன். ஊர்ப் பெயர்களைக் கத்திக் கத்தி ஐம்பது வயதில் குரல் கரகரத்து, மருத்துவர் ஒரு மாதம் பேசக் கூடாது என்றார். மகள் முதல் பருவத்தில் கற்ற பாடம், தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு விடுவது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உதடு மூடி முனகுவது, அந்த முனகலை நெஞ்சிலும் மூக்கிலும் நெற்றியிலும் அதிர விடுவது என்று ஒவ்வொன்றாக என்னையும் செய்ய வைத்தாள். விடிய விடியப் பாடி ஆடும் தெருக்கூத்து வாத்தியார்கள் எழுபது வயதிலும் குரல் உடையாமல் நிற்கிறார்களே எப்படி என்று நான் வியந்ததுண்டு. அவர்களும் சிறு வயதில் ஒரு வாத்தியாரிடம் அடி வாங்கிப் பழகியவர்கள்தாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையும், அதன் வழியே வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பாட்டும் வசனமும் உச்சரிப்பும் புகட்டிய இடங்கள். சிவாஜி கணேசன் பயின்றதும் அப்படி ஒரு கம்பெனியில்தான். பிரம்படி மட்டும் இப்போது பாடத்திட்டத்தில் இல்லை.

ஒரு முறை, ஒரு தொழிலாளியைக் கவனித்து அவராகவே நடித்துக் காட்ட வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் மீன் விற்கும் அம்மாவையும் பூக்காரரையும் தேடிப் போனார்கள். இவள் நான்கு நாட்கள் என் பேருந்திலேயே கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். தினமும் டிக்கெட் எடுத்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை அழைத்துப் போய் அந்த 12 நிமிட நிகழ்ச்சியைக் காட்டினாள். வசனம் கிடையாது. ஓடும் வண்டியில் இருக்கையின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நிற்பது, விரல் இடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகுவது, சில்லறை இல்லாதவரைப் பார்க்கும் அந்தப் பார்வை, எல்லாம் இருந்தது. கடைசியில் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்போதும் அவளுடைய இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்தே இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பார்த்தேன். 31 ஆண்டுகள் தோல் பை தொங்கிய தோள் அது. என் மனைவிக்குக்கூட அது கண்ணில் பட்டதில்லை.

இவ்வளவும் படித்து என்ன சம்பாதிக்கிறாள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மறைக்க ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கான நாடகப் பட்டறை, பின்னணிக் குரல், தொடரில் நர்ஸ் வேடம் என்று ஒரு மாதம் 18,000 ரூபாய் வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. ஒரு திரைப்படத்தில் இரண்டு காட்சிகளில் நடித்தாள். ஒன்றை வெட்டிவிட்டார்கள். மற்றொன்றில் முதுகு தெரிகிறது. சென்னையில் ஓர் ஏஜென்சி, ஆல்பம் எடுக்கவும் பெயர் பதியவும் 35,000 ரூபாய் கட்டினால் வாய்ப்பு நிச்சயம் என்றது. எழுந்து வந்துவிட்டாள். எப்படியம்மா கண்டுபிடித்தாய் என்றேன். "நடிக்கிறவளுக்குத்தான் காசு தர வேண்டும் அப்பா. நடிக்கிறவளிடம் காசு கேட்டால் அது வேறு தொழில்" என்றாள். படிக்காமல் கனவோடு மட்டும் போயிருந்தால் நானே கடன் வாங்கிக் கட்டியிருப்பேன்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. கல்லூரி காசைத் தின்றுவிட்டது என்கிறவர்கள், படித்து வந்தவளின் உழைப்பை எப்படித் தின்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு விழா என்றால் பள்ளிகள் அவளைக் கூப்பிடுகின்றன. மூன்று வாரம் அறுபது பிள்ளைகளை மேய்த்து நாடகம் போட்டுக் கொடுத்தால், மேடையில் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, கைதட்டல். எங்கள் பீரோவில் 11 பொன்னாடைகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் அவற்றை வாங்கிக்கொள்வதில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி. நாடகமும் போட்டியில் உண்டு. ஆனால் அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று சிறப்பாசிரியர் பணியிடம் இருக்கிறது, நாடகத்துக்கு இல்லை. கணக்கு ஆசிரியை ஓய்வு நேரத்தில் பாவம் வசனம் எழுதுகிறார். கடல் தாண்டி இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடம், நம் பிளஸ் டூ போன்ற உயர்தரத் தேர்வு வரைக்கும் உண்டு. அங்கே பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர் ஆசிரியராகப் போக ஒரு வழி இருக்கிறது. இங்கே ஒன்றியத்துக்கு ஒரு நாடக ஆசிரியரை நியமித்தால்கூடப் போதும், சுழற்சி முறையில் பள்ளிகளுக்குப் போவார்கள். காலையில் பள்ளி, மாலையில் ஒத்திகை, வாய்ப்பு வந்தால் மேடை என்று ஒரு நடிகர் மானத்தோடு வாழலாம். கல்வித் துறை இதைக் கவனிக்க உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் திங்கட்கிழமை முதல் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஒன்றில் கலைத் திருவிழாவுக்கு நாடகம் பழக்க மகளை அழைத்திருக்கிறார்கள். ஊதியம் தர நிதி இல்லை, பேருந்துக் கட்டணம் மட்டும் தருகிறோம் என்று சொன்னார்களாம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது அவர்களுக்கு நினைவில்லை போலும். கண்டக்டர் வீட்டில் அதை எப்படி மறப்போம்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்,
மரக்காணம்