நகையை அடகு வைத்தா கலாநிதிப் பட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் கல்வி பற்றி ஞாயிறு இதழ்களில் வருபவை பெரும்பாலும் முகவர்களின் விளம்பரங்களே. அட்டனிலும் பண்டாரவளையிலும் அவர்கள் நடத்தும் கூட்டங்களுக்குப் போகும் பெற்றோரில் பலர், வங்கியில் காட்ட வேண்டிய தொகையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். உயர்தர உயிரியல் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மனிதரின் பரம்பரை இயல்புகளை ஆராயும் மானிடப் பிறப்புரிமையியலில் கலாநிதி ஆய்வுக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது. அங்கே பணம் கொடுப்பது நிறுவனம், வாங்குவது மாணவர்.

கேம்பிரிட்ஜுக்கு அருகில் ஹிங்ஸ்டனில் உள்ள வெல்கம் சாங்கர் என்ற பிறப்புரிமையியல் ஆய்வு நிறுவனத்தின் நான்காண்டுக் கலாநிதித் திட்டத்தில் கல்விக் கட்டணமும் கிடைக்கிறது, வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவும் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடொவ்ஸ்கா கியூரி ஆய்வு வலையமைப்புகளில் சேர்பவருக்கு வேலை ஒப்பந்தமே தருவார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சேர்வதற்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், போய்ச் சேரும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்றொரு விதி உண்டு. கண்டியைத் தாண்டாத நம் பிள்ளைகளுக்கு அது ஒரு தடையா? ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுமாணி கேட்பார்கள். அமெரிக்காவுக்கு நான்காண்டு விசேட பட்டத்தோடு நேரே போகலாம்.

பேராதனையில் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி, "எங்க லேப்ல என்ன இருக்கு டீச்சர், யார் எடுப்பாங்க?" என்று கேட்டாள். லேப் இல்லாமலும் தொடங்கலாம். பல நாட்டு மக்களின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் 1000 ஜீனோம்ஸ் என்ற சர்வதேசத் திட்டம் 2015இல் வெளியிட்ட தரவில் 26 குடித்தொகைகளைச் சேர்ந்த 2504 பேரின் டி.என்.ஏ. விபரம் இருக்கிறது. அதில் ஒரு குழு, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஒரு மடிகணினியை வைத்து அதை அலசி, இறுதியாண்டு ஆய்வாகச் செய்து, அதைச் சொல்லி எழுதினால் வெளிநாட்டுப் பேராசிரியர் பதில் போட வாய்ப்புண்டு. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது வீண்வேலை.

அந்த இலங்கைத் தமிழர் தரவு திரட்டப்பட்டது பிரித்தானியாவில், நமது மலையகத் தோட்ட லயங்களில் அல்ல. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து 200 ஆண்டுகளுக்கு முன் வரத் தொடங்கி, மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த சமூகம் நாம். சொந்தத்தில் மணம் முடிக்கும்போது பின்னிடைவான (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால் மட்டும் தோன்றும்) பரம்பரை நோய்கள் பிள்ளைகளில் வெளிப்படும் வாய்ப்பு கூடும் என்பதை வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். வெளியார் வந்து இரத்தம் எடுத்துப் போய் அதை எழுதுவதைவிட, எந்தக் குடும்பத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை எழுதட்டுமே.

இந்தக் கலாநிதி இடங்களுக்கான விண்ணப்ப அழைப்புகளில் பல செப்டெம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் வருகின்றன. அந்த மாதங்களில் முகவர் விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே முடிவுத் திகதிகளைத் தமிழில் போடுங்கள். ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும்.

கைக்காசு தேவைப்படும் இடமும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல விண்ணப்பத்துக்கு 75 டொலர், அதற்கு மேலும் கேட்கின்றன. எழுதிக் கேட்டால் சில விலக்களிக்கும். ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் வேறு. கொழும்பிலுள்ள எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் வருடாந்த இராப்போசனத்தில் ஒரு மேசையைக் குறைத்தால் இரண்டு பிள்ளைகள் விண்ணப்பித்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பண்டாரவளை