குதிரைவாலிக்கு ஆலையும் கடையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயற்கை வேளாண்மைக்கு மாறினால் கிராமத்து வறுமை தீரும் என்று வேளாண் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரிக் கரிசலில் வெள்ளாமை செய்பவன் என்ற முறையில், அது பாதி உண்மை என்றே கருதுகிறேன். செலவு குறையும் என்பது சரி. வரவு கூடுவதற்கு இங்கே இன்னும் வழி செய்யப்படவில்லை.

எங்கள் பகுதியில் சிறு விவசாயியின் கடன் பெரும்பாலும் உரக்கடையில்தான் தொடங்குகிறது. விதைப்புக்கு முன் மூட்டையைக் கடனுக்கு எடுப்பதும், மழை பொய்த்தால் பாக்கியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதும், விளைந்துவிட்டாலோ கடனை அடைக்கக் களத்திலேயே கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. கோடையில் ஆட்டுக்கிடை மறித்து (எருவுக்காக ஆடுகளை வயலில் அடைத்து), சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கொண்டு ஜீவாமிர்தம் என்னும் இயற்கை உரக் கரைசலைக் கலக்கி விடுகிறவருக்கு இந்த மூட்டைக் கடன் இல்லை. (மாடில்லாத வீடுகள் ஊரில் பெருகிவிட்டதால் சாணமே விலைக்கு வருகிறது என்பது வேறு கதை.)

வரவுக்குக் குதிரைவாலி என்னும் சிறுதானியத்தையே எடுத்துக்கொள்வோம். புரட்டாசி மழைக்கு விதைத்தால் தைக்குள் களத்துக்கு வந்துவிடும். உரமோ மருந்தோ பெரிதாகக் கேட்காத பயிர். ஆனால் அதை உமியோடு மூட்டை பிடித்து வியாபாரியிடம் போடுவதைத் தவிர எங்களுக்கு வேறு போக்கில்லை. அது வெளியூர் ஆலைக்குப் போய், உமி நீக்கி, பாக்கெட்டில் அடைபட்டு மதுரைக் கடைகளுக்கு அரிசியாகத் திரும்பும்போது விலை எங்கோ போய்விடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு காசும் விளைவித்தவர் கைக்கு வருவதில்லை. இதனாலேயே பலர் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். 2018-இல் பயிரைத் தின்னும் படைப்புழு வந்தது முதல் மக்காச்சோளத்துக்கு மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்தும் அதையே விதைக்கிறார்கள். ஏனெனில் கோழித்தீவனத்துக்கு வாங்குகிறவர் லாரியோடு காட்டுக்கே வந்து எடை போடுகிறார். விளைபொருளைப் பக்குவப்படுத்தும் தொழில் கிராமத்திலேயே நடக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்ட காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இதே கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் என்பதை அதிகாரிகளுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தாலே இயற்கை விளைபொருள் என்பதற்கான, பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்புச் சான்று பெற முடிகிறது. இயற்கை வேளாண்மைக்கான மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் மூன்றாண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் உதவியும் உண்டு. ஆயினும் அதில் இடுபொருளுக்காக விவசாயிக்கு நேரடியாகச் சேருவது 15,000 ரூபாய். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2,000 ரூபாய்தான். ரசாயன உரத்தை விட்ட பிறகு முழுச் சான்று கிடைப்பதற்கு முந்தைய மாற்றக் காலத்தில் விளைச்சலும் குறைந்து, பழைய விலையே கிடைக்கிறபோது, வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவரால் இந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியாது. நில ஆவணம் தம் பெயரில் இல்லாத அவருக்கு எந்தத் திட்டமும் எளிதில் எட்டுவதுமில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் சில கோரிக்கைகள். கல்லுப்பட்டி வட்டாரத்தில் குதிரைவாலிக்கு ஏற்ற உமி நீக்கும் ஆலை ஒன்றை விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொறுப்பில் அமைக்க வேண்டும். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான். அங்கே சான்று பெற்றவர்களுக்கும், மாற்றக் காலத்தில் இருப்பவர்களுக்கும் தனிக் கடைகள் ஒதுக்கலாம். கமிஷன் மண்டிக்குப் போனால் இயற்கைக் கத்தரிக்காயும் மருந்தடித்த கத்தரிக்காயும் ஒரே குவியலில் விழுகின்றன. அதிலும் இரண்டு ஓட்டை தெரிந்தால் சொத்தை என்று நம் காய்தான் முதலில் ஒதுக்கப்படுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய சந்தை பள்ளிக்கூடம். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் மதுரையில்தான். அத்திட்டத்தில் உள்ளூர்ச் சிறுதானியங்களுக்கு இடம் உண்டு. நம் மாவட்டப் பள்ளிகளுக்குத் தேவையான குதிரைவாலி அரிசியை நம் மாவட்ட விவசாயிகளிடமிருந்தே, முன்கூட்டி அறிவித்த விலையில் கொள்முதல் செய்ய வேண்டும். குதிரைவாலியா மக்காச்சோளமா என்பதை விவசாயி ஆவணியிலேயே முடிவு செய்துவிடுகிறார் என்பதால், அந்த அறிவிப்பு ஆடி முடிவதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.