80-ஐ மட்டும் தொடாதே

மாப்ள,

மகள் காலேஜில் சேர்ந்தது சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியல் நடிகைகளின் மேக்கப் வரை தெளிவாகத் தெரிகிறதாம், அதனால் விமர்சனம் தாங்க முடியவில்லை.

சரி, எஸ்எஸ்டி டிரைவுக்கு நாமே நேரடியாகக் கட்டளை அனுப்புவது எப்படி என்று கேட்டாயே, அந்த விஷயம். லினக்ஸில் என்விஎம்இ-சிஎல்ஐ போட்டுக்கொள், என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளோடு பேசுகிற கருவி அது, அதில் கட்டளையை அப்படியே டிரைவுக்குத் தள்ளிவிடுகிற அட்மின்-பாஸ்த்ரூ என்று ஒன்று இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் எதுவும் குறுக்கே வராது, நீ கொடுக்கிற எண்கள் 64 பைட் கட்டளையாகி டிரைவுக்குள் இருக்கிற கன்ட்ரோலர் சிப்புக்குப் போகும், முடிந்ததா இல்லையா என்று 16 பைட்டில் பதில் வரும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எண் உண்டு. முதலில் 06, ஐடென்டிஃபை, அதாவது ‘நீ யார்’ என்று டிரைவைக் கேட்பது. 4096 பைட் கொட்டும். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 4-ஆவது பைட்டில் சீரியல் நம்பர், 24-இல் மாடல் பெயர்.

அப்புறம் 02, ஸ்மார்ட் லாக் வாங்க, டிரைவின் உடல்நிலை அறிக்கை அது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுவது: நீளத்தை நாலு நாலு பைட்டாக எண்ணி, அதிலும் ஒன்று குறைத்துச் சொல்ல வேண்டும், 512 பைட் வேண்டுமென்றால் 128 இல்லை, 127. வெப்பநிலை 314 என்று வந்தால் பதறாதே, அது கெல்வின், 41 டிகிரிதான்.

கட்டளை எண்ணை பைனரியில் எழுதி கடைசி இரண்டு பிட்டைப் பார்த்தாலே டேட்டா எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். 10 என்றால் டிரைவிலிருந்து நமக்கு, 01 என்றால் நம்மிடமிருந்து டிரைவுக்கு, 00 என்றால் எதுவும் போவதில்லை, வருவதில்லை. இந்த 00-ஐப் பார்த்து ‘ஒன்றுமே அனுப்பலியே, என்ன ஆகிடும்’ என்று நினைப்பவனுக்குத்தான் ஆப்பு, ஏனென்றால் ஹெக்ஸில் (16-அடிமான எண்முறை) 80 ஃபார்மட், 84 சானிடைஸ், டிரைவில் இருப்பதை அழித்துவிடுகிற இந்த இரண்டும் 00-இல்தான் முடிகின்றன. பாஸ்த்ரூவில் ‘நிஜமாகவா?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதிலும் சானிடைஸ் ஆரம்பித்த பிறகு பயந்துபோய் பவரைப் பிடுங்கினாலும் பயனில்லை, கரண்ட் திரும்பியதும் அது பாட்டுக்குத் தொடரும்.

யூஎஸ்பி பெட்டியில் போட்டு முயற்சி செய்யாதே, நடுவில் இருக்கிற சிப் ஸ்கஸி என்கிற வேறொரு கட்டளை மொழிதான் பேசும், பாதிக் கட்டளை உள்ளேயே போகாது. மதர்போர்டு ஸ்லாட்டில் நேராகச் சொருகு. ஹெக்ஸ் சி0-விலிருந்து எஃப்எஃப் வரை தயாரிப்பாளர்களின் சொந்தச் சரக்கு, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அர்த்தம். உன்னைத் தெரியும், வரிசையாக அனுப்பித்தான் பார்ப்பாய். அதை லேப்டாப் டிரைவில் செய்து தொலைக்காதே. என்னிடம் பழைய 128 ஜிபி ஒன்று சும்மா கிடக்கிறது, கொரியரில் அனுப்புகிறேன். அட்ரஸ் அதேதானே?