பெயர்த் தகடுகளைக் கழற்றிய ஆண்டு: வேதபாட ஐக்கியத்தின் செயலர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, ஐக்கியத்தின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துகள்.

சென்ற ஆண்டு அறிக்கையில் பாதிக்கு மேல் நன்றிப் பட்டியல்தான் என்று பலர் குறைப்பட்டுக்கொண்டீர்கள். இந்த அறிக்கையில் நன்றிப் பட்டியலே இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதுதான் அறிக்கையின் பெரும்பகுதி. வழக்கமான கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நிர்வாகக் குழு முறைப்படி கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டின் பாடப் பொருளாக ‘மனத்தாழ்மையும் கொடுத்தலும்’ என்பதைக் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாருக்கும் தெரிந்த பகுதிகள்தானே, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றுதான் திட்டம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் தொட்டதும் திட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

கை கழுவாமல் சாப்பிட்ட சீஷர்களைப் பற்றிய வழக்கில் அந்த அதிகாரம் தொடங்குகிறது. ஆசரிப்புக் கூடாரத்தின் வெண்கலத் தொட்டியில் கையும் காலும் கழுவும்படி யாத்திராகமம் 30-இல் கட்டளை பெற்றவர்கள் ஆசாரியர்கள் மட்டுமே. அதைச் சாதாரண மக்களின் சாப்பாட்டு வேளைக்கும் விரித்தது மூப்பர்களின் பாரம்பரியம். அதை விரித்தவர்களைக் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஜனம் முழுவதும் ஆசாரியரைப் போலப் பரிசுத்தமாக வாழ வேண்டும் என்ற ஆசைதான் அதன் வேர். சிக்கல் பின்னால் வந்தது. கழுவினவன் கழுவாதவனை அளக்கத் தொடங்கினான்.

அடுத்து வருவது கொர்பான். ஒருவன் தன் பொருளைத் தேவனுக்கென்று நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டால், தாய் தகப்பன் அதிலிருந்து உதவி கேட்க வழியில்லை. பொருள் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. சொன்ன வார்த்தையே பூட்டாகிவிடும். எருசலேமுக்கு அருகே கிடைத்த, இறந்தவரின் எலும்புகளை வைக்கும் ஒரு பெட்டியின் மூடியில் இதே சொல்லைப் பொறித்து, உள்ளே இருப்பதை யாரும் தங்கள் லாபத்துக்கு எடுக்கக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். அப்படி அடைத்து வைக்கும் வலிமை அந்தச் சொல்லுக்கு இருந்தது. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற, பத்துக் கட்டளைகளில் ஒன்றைப் பக்தியின் பெயராலேயே மீற முடிந்தது என்பதுதான் இயேசுவின் குற்றச்சாட்டு.

இந்தப் பாடம் நடந்த அதே மாலை, பாடத்துக்கு முன் கூடிய குழுவில், உதவி நிதி கேட்டு ஒரு சகோதரி கொடுத்திருந்த மனு தள்ளிவைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தின் சந்தா நிலுவையில் இருந்தது. நிலுவை உள்ளவருக்கு உதவி இல்லை என்பது நம் விதி. மனுதாரர் குழுவின் முன் நேரில் வந்து தேவையை விளக்க வேண்டும், கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும் என்பவையும் விதிகளே. வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருந்ததால்தான் சந்தா கட்டவில்லை என்பது மனுவிலேயே எழுதியிருந்தது.

பாடம் முடிந்து கேள்வி நேரம் வந்தபோது, வழக்கமாக வாய் திறக்காத மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “நம்முடைய நிலுவை விதி கொர்பானா, இல்லையா? அதைச் சொல்லிவிட்டு ஜெபம் பண்ணுங்கள்” என்றார்.

பொருளாளர் உடனே பதில் சொன்னார். விதி இல்லாவிட்டால் நிதி சில மாதங்களில் காலியாகிவிடும். முன்பு வேண்டியவர்களுக்கே உதவி போகிறது என்ற புகார் எழுந்ததால்தான் இந்த விதிகளைப் போட்டோம் என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பாரபட்சம் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதிகள்தான் அவை. ஆனால் கை கழுவும் முறையும் நல்லெண்ணத்தில் பிறந்ததுதானே என்று ஓர் இளம் சகோதரி கேட்டபோது, வாதம் சூடுபிடித்தது. அன்று இரவு மண்டபத்தைப் பூட்டுவதற்கு வெகு நேரமாகிவிட்டது.

மறுவாரம் அந்த நிலுவையை யாரோ கட்டிவிட்டார்கள். ரசீது மனுதாரர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. கட்டியவர் யார் என்பது எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. விதிப்படி மனு சரியாகிவிட்டது, உதவியும் போய்ச் சேர்ந்தது. பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, விதியை ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சந்து வழியாகத்தான் இரக்கம் நுழைய முடியும் என்றால் வாசலை எதற்கு வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து. குழுவில் பெரும்பாலோர் கருத்தும் அதுவாகவே இருந்தது. சிறப்புப் பேரவை கூடி மூன்று விதிகளையும் திருத்தியது. நிலுவை இனித் தடையில்லை. நேரில் வந்து நிற்க வேண்டியதில்லை. பெயர்கள் வாசிக்கப்படமாட்டா.

பெயர் வாசிக்காவிட்டால் கணக்கு எப்படிச் சுத்தமாக இருக்கும் என்ற அச்சம் நியாயமானது. ‘உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது’ என்ற வசனத்தைக் காட்டிக் கணக்கே வேண்டாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. இதைத் தீர்த்துவைத்தவர் பவுல். எருசலேம் பரிசுத்தவான்களுக்குத் திரட்டிய தர்மப் பணத்தை அவர் தனியாளாகக் கையாளவில்லை. தீத்துவோடு சபைகள் நம்பிய சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுவதாக 2 கொரிந்தியர் 8:21-இல் காரணமும் எழுதினார். இந்த வசனத்தை எடுத்துக் காட்டியவர் வேறு யாருமல்ல, நம் பொருளாளரே. அதன்படி, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இருவர் மனுக்களைப் பார்ப்பார்கள். பதிவேட்டில் எண் மட்டும் இருக்கும். தணிக்கையாளர் கேட்டால் முழு விவரமும் காட்டப்படும்.

இந்தத் திருத்தத்தின் விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் வாசிப்பது நின்றதும் காணிக்கை சரிந்தது. பிறகு ஓரளவு ஏறியது. பழைய அளவை இன்னும் தொடவில்லை. இதிலிருந்து யார் எதை முடிவு செய்தாலும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். அனனியாவையும் சப்பீராளையும் பற்றிப் படித்தபோது இது மீண்டும் நினைவுக்கு வந்தது. அப்போஸ்தலர் 4-இன் முடிவில் பர்னபா நிலத்தை விற்று முழுத் தொகையையும் கொண்டுவந்து வைக்கிறார். 5-இன் தொடக்கத்தில் இந்தத் தம்பதியர் வருகிறார்கள்; நிலத்தை விற்று, ஒரு பங்கை மறைத்து வைத்துக்கொண்டு, மீதியை முழுத் தொகை போலக் கொடுக்கிறார்கள். அதிகாரப் பிரிவை மறந்துவிட்டுப் படித்தால் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்றுதான் பேதுரு கேட்டார். குறைத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். பர்னபாவுக்குக் கிடைத்த பெயரைப் பாதி விலைக்கு வாங்கப் பார்த்ததுதான் குற்றம்.

பெயர்த் தகடுகளின் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தின் நாற்காலிகள், கடிகாரம், மேசை எல்லாவற்றிலும் அன்பளித்தவர் பெயர் இருந்தது. இவற்றில் புத்தக அலமாரிதான் உச்சம். கண்ணாடிக் கதவின் குறுக்கே பொருத்தியிருந்த தகடு அவ்வளவு அகலம். இரண்டாம் தட்டில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. வேண்டிய விளக்கவுரையைத் தேடுபவர் முதலில் அன்பளித்தவரின் பட்டங்களைப் படித்தாக வேண்டும். அன்பளித்த சகோதரர், மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதே என்று சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரப் பாடத்துக்குப் பிறகு தாமே ஒரு திருப்புளியோடு வந்து அதைக் கழற்றினார். நான்கு திருகுத் துளைகள் இப்போதும் இருக்கின்றன. அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பெயரை இங்கே எழுதினால் அவர் செய்ததைக் கெடுத்ததாகிவிடும்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். ஒரு குடும்பம் மட்டும் மறுத்தது. அது மறைந்த தாயாரின் நினைவாக வைத்தது, அம்மாவின் பெயர் எங்கள் பெருமைக்காக இல்லை என்றார்கள். எல்லாரும் கழற்றும்போது இவர்கள் மட்டும் ஏன் என்ற முணுமுணுப்பு எழுந்தது. குழு அந்தத் தகட்டை இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பெத்தானியாவில் பரிமளதைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி, சுவிசேஷம் பிரசங்கிக்கப்படும் இடமெல்லாம் அவள் செய்தது அவளை நினைக்கும்படி சொல்லப்படும் என்று ஆண்டவரே சொன்னார். நினைவு வேறு, விளம்பரம் வேறு. தகட்டைக் கழற்றுவதையும் ஒரு புதிய சடங்காக்கிவிட்டால் நாம் படித்த அதிகாரத்துக்கே திரும்பிப் போனவர்களாவோம்.

தன் ஜீவனத்துக்கு இருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையைப் பற்றிய பாடத்தில் ஐக்கியம் இரண்டாகப் பிரிந்தது. இன்றும் பிரிந்தே இருக்கிறது. இதை வழக்கமாகக் காணிக்கைப் பிரசங்கத்தில்தான் கேட்டிருக்கிறோம். ஆனால் மாற்கு 12-இல் இதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. விதவையின் காணிக்கைக்கு அடுத்த வசனங்களில், 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில், சீஷர்களில் ஒருவர் ஆலயத்தின் கற்களைப் பார்த்து வியக்கிறார். ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் இராது என்கிறார் இயேசு. அந்த ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. அதிகாரங்கள் பிரிக்கப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில். அந்தக் கோடு இந்த இடத்தில் விழுந்ததால் மூன்றையும் நாம் சேர்த்துப் படிப்பதில்லை. இயேசு விதவையைப் பாராட்டினாரா, அல்லது அவளுடைய ஜீவனத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட அமைப்பைப் பார்த்து வருந்தினாரா? என் பார்வையில் இரண்டும் உண்டு. அவளுடைய கை தாராளமானது. அந்தக் காசை வாங்கிய பெட்டி அவளைத் தாங்கவில்லை. இதை ஏற்காதவர்களின் மறுப்புக் கட்டுரை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

சபை வரலாறு பற்றிய சிறப்புக் கூட்டத்தில் இரண்டு செய்திகள் பலரைக் கவர்ந்தன. கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் ஜூலியன் 362-இல் எழுதிய கடிதம் ஒன்றில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்கள் என்று எரிச்சலோடு குறிப்பிட்டார். எதிரியிடமிருந்து வந்த இந்தச் சான்றுக்கு மேல் ஒரு சபைக்கு வேறு பெயர்ப்பலகை எதற்கு? மற்றது இங்கிலாந்தில் போதகராக இருந்த ஜார்ஜ் முல்லர் பற்றியது. அக்காலத்தில் ஆலய இருக்கைகளுக்கு வாடகை வாங்கிப் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கம். நல்ல இடம் பணக்காரருக்கு, ஓர இடம் ஏழைக்கு. பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தாழ்ந்த இடமும் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று கண்ட முல்லர், 1830-இல் அந்தச் சம்பளத்தையே விட்டுவிட்டார். பதிலுக்கு ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்தார்.

இதைக் கேட்ட வேகத்தில் நம் மண்டபத்தில் நிர்வாகிகளுக்கான முன்வரிசை ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. இப்போது கடைசி வரிசைக்குப் போட்டி. தாழ்ந்த இடத்தில் போய் உட்கார் என்ற லூக்கா 14-இன் அறிவுரையில், விருந்துக்கு அழைத்தவர் வந்து ‘சிநேகிதனே, உயர்ந்த இடத்தில் வாரும்’ என்று கூப்பிடுவாரா என்று ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை. தாமதமாக வருவோருக்காகவாவது பின்வரிசையை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கால் கழுவும் ஆராதனை ஒன்று நடத்த வேண்டும் என்று இளைஞர் பிரிவு கேட்டது. கழுவ முன்வந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். கழுவப்பட உட்கார யாரும் முன்வரவில்லை. யோவான் 13-இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவுக்கு இருந்த தயக்கமும் இதுதான். கொடுக்கிறவனாக இருப்பதில் ஒரு மேட்டிமை ஒளிந்துகொள்ள இடம் உண்டு. பெற்றுக்கொள்கிறவனுக்கு அந்த மறைவிடம் இல்லை. உதவி நிதி மனுதாரர்களை நேரில் நிற்க வைத்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்தப் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தபோதுதான் பலருக்கு உறைத்தது. ஆராதனை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, நோயாளிகளுக்கு இரவில் துணை இருக்க ஒரு முறைப்பட்டியல் போடலாம் என்று முடிவானது. கால் கழுவப் பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதற்குப் பெயர் கொடுத்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பட்டியலில் இன்னும் இடம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு முழுவதும், ஒழுங்கைப் பற்றிப் பேசியவர்களையெல்லாம், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரான ‘பரிசேயர்’ என்று முத்திரை குத்தும் பழக்கம் சிலரிடம் தொற்றிக்கொண்டது. லூக்கா 18-இன் பரிசேயன் வாரத்தில் இரண்டு முறை உபவாசித்தான், சம்பாதித்த எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுத்தான். மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்டதற்கும் அதிகமாகவே செய்தவன். அந்தச் செயல்களை இயேசு பழிக்கவில்லை. ஜெபத்தில், தூரத்தில் நின்ற ஆயக்காரனைக் (வரி வசூலிப்பவனை) காட்டித் தன்னை அளந்ததுதான் அவனைக் கவிழ்த்தது. ‘இந்தப் பரிசேயனைப் போல் நான் இல்லை’ என்று கூட்டத்தில் பேசுவோர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாரம்பரியம் எல்லாமே பகை என்பதும் வேதத்துக்கு ஒவ்வாது. இயேசு தம்முடைய வழக்கத்தின்படியே ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4:16 சொல்கிறது; பெற்ற முறைமைகளைக் கைக்கொள்ளும்படி பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். பாட்டுப் புத்தகத்தை மாற்ற வேண்டும், ஜெப முறையை மாற்ற வேண்டும் என்று வந்த கோரிக்கைகளைக் குழு இதனாலேயே ஏற்கவில்லை. யாரையும் அவை பட்டினி போடவில்லையே!

நிலுவையில் உள்ளவை: தேர்தலுக்கான வேட்புமனுக்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் பெறப்படும், போட்டியிடுவோர் தங்கள் சேவைகளின் பட்டியலை இணைக்கத் தேவையில்லை. திருத்திய விதிகளின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு வைக்கப்படுகிறது. இரவுத் துணைக்கான முறைப்பட்டியல் கதவருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கழற்றிய தகடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. உரியவர்கள் இந்த மாத இறுதிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் பழைய இரும்போடு போட்டுவிட்டு, வரும் தொகை உதவி நிதியில் சேர்க்கப்படும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்