திருப்பணி நிறைவு அறிக்கை: வெளிப்பிராகாரத்தில் கொட்டிய மண்ணுக்கான கணக்கு

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து, மண்டலாபிஷேகமும் முடிந்துவிட்டது. கோபுர வர்ணம், மடப்பள்ளி ஓடு, மின்வேலை எல்லாவற்றின் வரவு செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம், அதில் யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் இல்லை. எல்லோரும் கேட்பது மண் கணக்கைத்தான். "ஒரு டிப்பர் மண் உபயம் கொடுத்தேன், மூணு யூனிட்னு சொன்னாங்க, ரசீதுல ரெண்டரைன்னு இருக்கே?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதனால் விவரமாகவே சொல்கிறோம்.

நம் கோயில் தென்பெண்ணைக் கரையோரப் பள்ளத்தில் இருக்கிறது. 2015 மழையிலும் சரி, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து ஆறு கரைபுரண்டபோதும் சரி, வெளிப்பிராகாரத்தில் நின்ற தண்ணீர் வடியவே இல்லை. அதனால் 120 அடி நீளம், 80 அடி அகலத்துக்கு 2 அடி உயர்த்த முடிவு செய்தோம். பெருக்கினால் 19,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 192 யூனிட். ஆனால் வண்டியில் வருவது உதிரி மண், தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் அமுங்கிவிடும். அதற்காகக் கால் பங்கு கூட்டி 240 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வந்தவை பெரும்பாலும் ஆறு சக்கர டிப்பர்கள். தொட்டியின் உள்ளளவை டேப் பிடித்துப் பார்த்தால் நீளம் 14 அடி, அகலம் ஏழரை அடி, உயரம் 3 அடி. 315 கன அடி வருகிறது, அதாவது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சப்ளை செய்பவர்கள் சொல்லும் மூன்று யூனிட் இதுதான். தொட்டியின் கொள்ளளவு என்ற வகையில் அது பொய் இல்லை. ஆனால் அவ்வளவையும் அந்த வண்டி சுமக்கலாமா என்பது வேறு விஷயம். இந்த ஆறு சக்கர வண்டி இரண்டு அச்சு லாரி. அந்த வகைக்கு, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 16.2 டன்னாக இருந்ததை 2018-இல் 18.5 டன்னாக உயர்த்தினார்கள். காலி வண்டியின் எடை ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கும். ஏழரை டன் என்றால் மிச்சம் 11 டன்தான். ஒரு யூனிட் செம்மண் ஏறக்குறைய நாலு, நாலரை டன் எடை வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை யூனிட்டிலேயே வண்டி நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் நம் தெருவின் கல்வெர்ட்டுக்குத்தான் (சிறுபாலத்துக்குத்தான்) ஆபத்து, பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற தெரு அது. அதனால் குறைத்துக் கேட்டது நாங்களேதான்.

இரண்டரை யூனிட்டுக்கு மண் 2 அடி நாலரை அங்குலம் நின்றால் போதும். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் அந்த உயரத்தில் பெயிண்டால் கோடு போட்டோம். வண்டி வந்ததும் ஒருவர் மேலே ஏறி மண்வெட்டியால் சமன் செய்து, நாலு மூலையிலும் நடுவிலும் கம்பியைக் குத்தி, சராசரி எடுத்து எழுதினார். வெளியே நின்று பார்த்தால் நடுவில் கோபுரமாகக் குவிந்து நிறைந்த மாதிரிதான் தெரியும், மூலைகளில் பள்ளமாக இருக்கும். ஒரு அங்குலம் குறைந்தாலே கிட்டத்தட்ட 9 கன அடி போச்சு. தொட்டியின் முன்பக்கம் ஜாக்கிக்காக உள்ளே தள்ளியிருக்கும் பெட்டி இருந்தால் அதையும் கழித்தோம். "புறப்படும்போது நிறைஞ்சுதான் இருந்துச்சு" என்று டிரைவர்கள் சொன்னது உண்மைதான், குலுங்கி வரும் வழியில் மண் அமுங்கும். அதனால்தான் கோயில் வாசலில் அளப்பதுதான் கணக்கு என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கினோம். ஒரு சப்ளையர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடம் வாங்கவில்லை. மண் ஏற்றிச் செல்லக் கனிம வளத்துறை தரும் அனுமதியான நடைச்சீட்டு இல்லாத வண்டியையும் உள்ளே விடவில்லை.

மண்டபத் தரைக்கு வாங்கிய எம்-சாண்டுக்கு (கல்லை உடைத்துச் செய்யும் மணலுக்கு) மட்டும் முறையை மாற்றினோம். லேசான ஈரத்தில் மணல் உப்பிக்கொள்ளும், கன அடியில் அளந்தால் கால் பங்கு வரைகூடக் கூடுதலாகக் காட்டும். அதனால் நாங்கள் சொன்ன எடை மேடையில் சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போட்டு, டன் கணக்கில் பணம் கொடுத்தோம். மழை நாளில் வாங்கவில்லை, ஏனென்றால் அப்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

உபயதாரர்களுக்கு ஒரு விஷயம். நீங்கள் கொடுத்த பணம் யூனிட் விலைக்குத்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று யூனிட்டுக்குக் கொடுத்தவர்களின் மீதி அரை யூனிட் அடுத்த வண்டியில் அவர்கள் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது, புது ரசீதை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவுப் பதிவேடு, நடைச்சீட்டுகள், எடைச் சீட்டுகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன, மாலை பூஜை நேரத்தில் வந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வடமேற்கு மூலையில் கொஞ்சம் மண்ணைக் குவித்து வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தரை எங்காவது இறங்கினால் நிரப்ப அது வேண்டும், தயவுசெய்து யாரும் வீட்டு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு