இன்சுலினை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வு இணைப்பில் வந்த நீரிழிவுக் கட்டுரை பயனுள்ளது. ஆனால் இன்சுலினைப் பாதுகாப்பது பற்றி, 'ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிட்டது. அந்த வரியை மட்டுமே நம்பியதால் எங்கள் வீட்டில் நேர்ந்ததைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சித்திரை வெயிலில் மருந்து கெட்டுவிடுமே என்று அஞ்சிய என் மாமியார், புதிய குப்பியை ஃபிரீசரில் ஐஸ் தட்டின்மேல் வைத்துவிட்டார். மறுநாள் அதை உருகவிட்டு, வழக்கமான அளவையே போட்டுக்கொண்டார். நான்கே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-இலிருந்து 310-க்கு ஏறியது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, உட்சுவரில் பனி படிந்தாற்போல வெண்துகள்கள் ஒட்டியிருந்தன. புரதங்களின் இயல்பிழப்பு (வடிவம் குலைந்து செயலிழப்பது) என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அந்தக் குப்பிக்குள் கண்முன் நின்றது.

இன்சுலின் ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு, உரிய வடிவில் மடிந்திருந்தால்தான், அது செல்லின் ஏற்பியில் பொருந்தி, இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் செல்ல வழிசெய்யும். கடும் வெப்பமும் உறைநிலையும் அந்த மடிப்பைக் குலைத்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று திரளச் செய்துவிடுகின்றன. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறியபின் பழையபடி இளகுவதில்லை அல்லவா? இன்சுலினை மாத்திரையாக விழுங்க முடியாததற்கும் புரதம் என்பதே காரணம். பருப்பையும் மீனையும் செரிக்கும் நொதிகள் இதையும் துண்டுதுண்டாக்கிவிடும்.

ஆகவே திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஃபிரீசரை ஒட்டாத தட்டில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலான வகைகளில் சுமார் 4 வாரம் வரை, வெயில் படாமல், 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வெளியிலேயே வைத்திருக்கலாம். சரியான வரம்பு மருந்தோடு வரும் தாளில் இருக்கும்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலின் போடுவோர் நம் ஊர்களில் ஏராளம். ஒரு மண்பானைக்குள் சிறு பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, சிறு பானையில் குப்பியை நனையாமல் வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே வெளிவெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். கோடை முடிவதற்குள் இம்முறையை ஒரு படத்தோடு தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
திருவண்ணாமலை.